தொட்டித் தண்ணீர் தெளிந்த காலை

தண்ணீரைத் தெளிய வைப்பதுதான் என் தொழில். பைப் பூட்டுவேன், மோட்டர் இறக்குவேன், கிணறு இறைப்பேன். ஆனாலும் ஊரில் என்னைத் தெரிந்தவர்கள், சுனாமிக்குப் பிறகு முகாம்களுக்குத் தண்ணீர் வடித்துக் கொடுத்த ஆள் என்றுதான் சொல்வார்கள். அந்த ஆள் தன் சொந்த வளவுக்குள் இருந்த மீன் தொட்டியை இரண்டு வருசத்துக்கு மேல் வேண்டுமென்றே பாசி பிடிக்க விட்டு வைத்திருந்தான். "ஊர்த் தண்ணியெல்லாம் தெளிய வச்ச மனிசன், உங்கட தொட்டிக்குள்ள தவளகூட இறங்காதே" என்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துப் பகிடி பண்ணுவார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். திருப்பி ஏசவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

ஏன் அப்படி விட்டேன் என்று சொல்ல மீனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் வீடு தேற்றாத்தீவில், பெரிய றோட்டுக்கு வாவிப் பக்கம். அந்த மார்கழிப் பௌர்ணமிக் காலையில் கடல் றோட்டைக் கடந்து வந்து, வாவித் தண்ணீரோடு கலந்து, எங்கள் வாசற்படி வரை ஏறிவிட்டுத் திரும்பிப் போனது. வீடு நின்றது. நானும் மனைவியும் பதினைந்து வயது மகனும் மிஞ்சினோம். ஏழு வயது மகள் கடற்கரைப் பக்கம் கூட்டாளி வீட்டுக்கு விளையாடப் போயிருந்தாள். மூன்றாம் நாள் கிடைத்தாள். நான்தான் போய் அடையாளம் காட்டினேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.

பள்ளிக்கூடத்து முகாமில் சில நாட்கள் இருந்துவிட்டு வீடு திரும்பியபோது, பின்வளவில் உடுப்புத் துவைக்கக் கட்டியிருந்த சீமெந்துத் தொட்டி நிரம்பச் சேறும் உப்புத் தண்ணீரும். அள்ளிக் கொட்டப் போன மகன் கத்தினான். உள்ளே ஒரு செப்பலி மீன். உள்ளங்கை அளவு. இடது கண் போய், அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு. எதில் அடிபட்டதோ. அத்தனை நாள் அந்தச் சேற்றுக்குள் உயிரோடு கிடந்திருக்கிறது.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் ஒருவரும் மீன் தின்னவில்லை. கடலில் யார் யாரெல்லாம் கிடந்தார்கள் என்று தெரிந்த பிறகு யாருக்குத் தொண்டைக்குள் இறங்கும்? என் மனைவிக்கு மீனைக் கண்ணில் காட்டவே கூடாது. "தூக்கி எறி அந்தச் சனியன" என்று மகனைப் பார்த்துக் கத்தினாள். அவன் தொட்டிக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "இது கடல் மீன் இல்லம்மா, வாவி மீன். இதும் நம்மளப் போலத்தான் தப்பி வந்திருக்கு" என்றான். அவள் குசினிக்குள் போனாள். மீன் இருந்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு வீட்டில் இருக்க நேரமில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு உதவி நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. உப்பு ஏறிய கிணறுகளை இறைப்பதும், நீலப் பிளாஸ்டிக் பரல்களில் சல்லிக்கல், சிரட்டைக்கரி, ஆற்று மணல் என்று அடுக்கி முகாம்களுக்குத் தண்ணீர் வடிப்பதும், கிணறுகளுக்குக் குளோரின் போடுவதும் என் வேலை. குளோரினை நான் ஒரு மருந்து மாதிரித்தான் நினைத்தேன். எந்தக் கிணற்றைப் பார்த்தாலும் ஒரு கரண்டி போடக் கை துறுதுறுக்கும். எங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் மாதம் ஒரு தரம் போடுவேன். அந்தப் பழக்கம்தான் பிறகு என் குடியைக் கெடுத்தது.

மகன் அந்த மீனுக்கு ஒவ்வொரு நாளும் சோறு போட்டான். விரலைத் தண்ணீருக்குள் விட்டால் நல்ல கண் இருக்கிற பக்கமாகத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வரும். "ஒத்தக் கண்ணால பாத்தாலும் ஆளத் தெரியும் இதுக்கு" என்று பெருமையடிப்பான். மெல்ல மெல்ல அவன் அம்மாவும் தொட்டியடிக்குப் போகத் தொடங்கினாள்.

சுனாமி வந்து இரண்டாம் வருசம், ஒரு பின்னேரம், மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். யார் என்று எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு பக்கத்தார் மட்டுமில்லை. நான் வேலைக்குப் போயிருந்தேன். வீட்டில் இவள் தனியே. காலைப் பிடித்திருக்கிறாள், மண்ணில் விழுந்து அழுதிருக்கிறாள். சேட்டுப் போட மட்டும் விட்டார்களாம். அவன் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே, அம்மா பயப்படக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி, "மீனுக்குச் சோறு போடுங்கம்மா, நான் வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

அந்த ஒரு சொல்லை என் மனைவி பிடித்துக்கொண்டாள். சண்டை நடக்கிற வன்னிக்குக் கொண்டு போய்விட்டார்கள் என்று பிறகு ஒரு ஆள் வந்து சொன்னான். அதற்குமேல் ஒரு செய்தியும் இல்லை. கடிதமில்லை, போன் இல்லை. இவளுக்கு இருந்ததெல்லாம் மீன்தான். காலையில் எழும்பி முகம் கழுவுமுன் தொட்டியடிக்குப் போவாள். பார்த்துவிட்டு வந்து, "இரிக்கு" என்பாள். "அது இரிக்கு, அவனும் எங்கயோ இரிக்கான்." கண்ணகி அம்மன் கோயிலில் நேர்த்தியும் வைத்தாள். பிள்ளை திரும்பி வரும்வரை அந்த மீன் சாகாமல் அம்மன்தான் காக்க வேண்டுமாம். "விசர்க்கதை கதைக்காத, மீனுக்கும் மனிசனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு நாள் ஏசினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடியவன்தான். அதற்குப் பிறகு நானும் காலையில் ரகசியமாகத் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்கு எது பிடிகொம்பு என்று யார் சொல்வது?

பிறகு அந்த வைகாசி வந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று றேடியோவில் சொன்னார்கள். டவுனில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் ஊரில் ஒரு சத்தமுமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அழுவதா, பிள்ளை இனி வருவான் என்று சந்தோசப்படுவதா என்று எங்களுக்கே தெரியவில்லை. என் மனைவி சந்தோசப்படுவது என்று முடிவு செய்தாள். "முடிஞ்சிட்டெண்டா விட்டிருவாங்கதானே? தொட்டியக் கழுவி நல்ல தண்ணி விடுங்க. வந்தா முதல்ல அங்கதான் போவான்" என்றாள்.

வருசத்தில் வைகாசியில்தான் எங்கள் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறப்பார்கள். ஊரெல்லாம் வீடு மெழுகி, கிணறு இறைத்துச் சுத்தம் பண்ணுவார்கள். அவள் அப்படிச் சொன்னதற்கு முதல்நாள்தான் நான் வீட்டுக் கிணற்றை இறைத்து, கோயிலுக்குக் கும்பத் தண்ணீர் எடுக்கிற மாதமென்று, வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே குளோரின் போட்டிருந்தேன். அவள் சொன்னதும் ஓடிப்போய்த் தொட்டியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்தேன். மீனை வாளியில் விட்டேன். தேங்காய்த் தும்பால் சுவரைத் தேய்த்தேன். அதே கிணற்றில் மோட்டரைப் போட்டு விளிம்பு வரை நிரப்பினேன். எத்தனை முகாமில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்தவன் நான்! குளோரின் போட்ட தண்ணீரில் மீன் நிற்காது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் தலைக்குள் மகன் படலையைத் திறந்துகொண்டு வருவது மட்டும்தான் இருந்தது. பாட்டுக்கூட முணுமுணுத்தேன் என்று நினைவு.

மற்றநாள் புதன்கிழமை. விடிய எழும்பிப் போனேன். மீன் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

நல்லகாலமோ கெட்டகாலமோ, என் மனைவி அன்று விடியமுன்னே, வன்னியிலிருந்து வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் டவுனில் ஒட்டியிருக்கிறதாம் என்று கேள்விப்பட்டு தொட்டியைக்கூட எட்டிப் பார்க்காமல் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். தொட்டிச் சுவரில் குந்திக்கொண்டேன். வாய்விட்டு அழுதேன். மகள் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அப்போது இவளைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

தேசிமரத்தடியில் குழி தோண்டி அதைப் புதைத்தேன். பிறகு சைக்கிளில் வாவிக்கரைக்குப் போனேன். வீச்சு வலை போடுகிற ஒரு கூட்டாளி அப்போதுதான் தோணியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். உயிரோடு ஒரு செப்பலி வேண்டும், இந்த அளவில், இந்த நிறத்தில் என்றேன்.

"என்னடாப்பா, பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்குறாப்போல கேக்குறா?" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் சொல்லச் சொல்லத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். வலையில் கிடந்ததையெல்லாம் கிளறி, ஒன்றை எடுத்து என் வாளிக்குள் விட்டான். "கண் ரெண்டும் இரிக்கேடா இதுக்கு" என்றான். "தண்ணி கலங்கலாக் கிடந்தாத் தெரியாது" என்றேன். அப்படித்தான் அந்தப் பொய்க்கு வழி கிடைத்தது.

குளோரின் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வாவித் தண்ணீர் இருபது வாளி சுமந்து ஊற்றினேன். ஒரு பிடி மாட்டுச் சாணத்தையும் கரைத்தேன். வெயில் மிச்ச வேலையைச் செய்தது. பொழுதுபட அவள் வந்து இறங்கினாள். பட்டியலில் அவன் பெயர் இல்லை. நேரே தொட்டியடிக்குப் போனாள். சோற்றுப் பருக்கையைப் போட்டாள். தண்ணீருக்கடியில் ஒரு கறுப்பு நிழல் வந்து கவ்விக்கொண்டு போனது. "இரிக்கு" என்றாள். "தண்ணிதான் என்ன இப்பிடிக் கிடக்கு?"

"புதுத் தண்ணி அப்பிடித்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருசம். முகாம் முகாமாய்ப் போனோம். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவன் படத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினோம். கண்ட கண்ட கந்தோரிலெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். கண்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை, செத்துப் போனான் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு தரமும் வெறுங்கையோடு வந்து, பையை வாசலில் போட்டுவிட்டுத் தொட்டியடிக்குத்தான் போவாள். அந்த நிழல் வரும். அவள் சாப்பிட உட்காருவாள். அந்த நிழல் வராத நாளில் அவள் சோற்றில் கை வைக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தொட்டி தெளிந்தால் என் பெண்சாதி விழுந்துவிடுவாள். அதனால்தான் பாசி.

மூன்றாம் வருசம் கோடை பிடித்துக்கொண்டது. தண்ணீர் பச்சைக் கூழாகி நாறியது. மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சு வாங்கியது. என் மனைவி அப்போது காத்தான்குடியில் ஒரு புடவைக்கடைக்காரர் வீட்டுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே முற்றத்தில் மீன் தொட்டி இருக்கிறதாம். வந்ததும் வராததுமாகத் தொடங்கினாள்.

"அவங்கட தொட்டியில அடியில கிடக்கிற கல்ல எண்ணலாம். ஒரு வாளிக்குள்ள கல்லும் பஞ்சும் அடுக்கி, சின்ன மோட்டர் ஒண்டால தண்ணிய ஏத்தி இறக்குறாங்க. இது ஏலாதா உங்களுக்கு?"

"பாப்பம்."

"என்னத்தப் பாக்குற? அது மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு. பெத்த மனசு உங்களுக்கு இல்லையா?"

பெத்த மனசு! அவள் கேட்டதைச் செய்தேன். திருட்டுத்தனமாகச் செய்தேன். குடிக்கிற தண்ணீருக்கு மணல் போட்டு வடிக்கலாம். மீன் தொட்டிக்கு மணல் போட்டால் பாசியும் மீன் கழிவும் போய் இரண்டே நாளில் அடைத்துவிடும். அது தெரிந்தே ஒரு வாளி நிறைய ஆற்று மணலை அமத்தி வைத்துப் பூட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் தண்ணீர் உள்ளே இறங்காமல் வாளி விளிம்பால் வழிந்தது. "பாத்தியா, நம்மட தண்ணிக்கு இது சரிவராது" என்றேன். அவள் வாளிக்குள் கையை விட்டு ஒரு பிடி சேற்று மணலை அள்ளிப் பார்த்தாள்.

"முகாம் முகாமாத் தண்ணி வடிச்சுக் குடுத்த கையா இது?" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் என்னைச் சுட்டது.

அடுத்த நாள் நான் வேலையால் வரும்போது அவள் கொட்டிலுக்குள்ளிருந்து என் பழைய குளோரின் டப்பாவையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தொட்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். கிணறெல்லாம் அதால் தெளிந்ததை அவள் கண்ணால் கண்டவள். பிழையில்லை. நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். "போடாத! போடாத! செத்துப்போகும்! அதப் போட்டுத்தான்..." என்று கத்தினவன், மிச்சத்தை விழுங்கிக்கொண்டேன். டப்பாவைப் பறித்து எறிந்தேன். வெள்ளைத் தூள் மண்ணெல்லாம் கொட்டியது. அவள் என்னையும் தூளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நீங்களே தெளிய வைங்க" என்று மட்டும் சொன்னாள்.

இனித் தப்ப வழியில்லை. உண்மையாகவே செய்தேன். செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஏறாவூரில் பழைய சாமான் கடையில் எடுத்த சின்ன மோட்டர் ஒன்றுதான். மற்றதெல்லாம் வளவுக்குள் கிடந்த பொருள். ஒரு பெயின்ற் வாளி. ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அதன் அடியில் துளை போட்டேன். துண்டு பைப்பை வைத்துப் பூட்டினேன். தண்ணீர் அடியால் ஏறி மேலால் வழிய வேண்டும். அப்போதுதான் கனமான அழுக்கு அடியிலேயே தங்கும். அடியில் பெரிய சல்லிக்கல். அதற்குமேல் கூட்டாளி கொடுத்த கிழிந்த நைலோன் வலை, வாவிக்குள் மாதக்கணக்கில் கிடந்து வழுவழுத்தது. அந்த வழுவழுப்பைக் கழுவக் கூடாது, அழுக்கைத் தின்கிற உயிர் அதில்தான் இருக்கிறது. அதற்குமேல் சிரட்டைக்கரி, ஒரு சாக்குத் துணியில் கட்டி. எல்லாத்துக்கும் மேலே ஸ்பொஞ்சுப் பஞ்சு வேண்டும்.

"பஞ்சுக்கு என்ன செய்யிற?" என்று கேட்டாள்.

"டவுனுக்குப் போய்த்தான் வாங்கணும். ரெண்டு நாள் போகும்."

அவள் உள்ளே போனாள். வரும்போது மகனின் மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தாள். சுனாமி நிவாரணத்தில் ஆளுக்கொன்று தந்த பஞ்சு மெத்தை. அவன் போன நாளிலிருந்து அதில் ஒருவரும் படுத்ததில்லை. நடுவில் அவன் படுத்த பள்ளம் இன்னும் இருந்தது. மாதம் ஒரு தரம் வெயிலில் காயவைத்து, உறையைத் தோய்த்து, திரும்ப அவன் கட்டிலில் விரிப்பாள். அந்த மெத்தையைக் குசினிக் கத்தியால் குறுக்கே கிழித்தாள்.

"இஞ்ச பார், வேண்டாம்..." என்றேன்.

"அவன்ட மீனுக்குத்தானே" என்றாள். "வந்தான் எண்டா வேற ஒண்டு வாங்குவம்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். இது அவனுடைய மீன் இல்லை புள்ள, அதை நான் கொன்றுவிட்டேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? வாளியின் வாய் அளவுக்குப் பஞ்சை வட்டமாக வெட்டித் தரச் சொன்னேன். அவள் அளந்து, கவனமாக, மூன்று வட்டம் வெட்டித் தந்தாள். நான் வாங்கி அடுக்கினேன். இதைவிடக் கேவலமாக நான் என் வாழ்க்கையில் ஒன்றும் செய்ததில்லை.

தொட்டியின் பாதிக்கு மேலே வெயில் விழாமல் தென்னோலைக் கிடுகு கட்டினேன். மோட்டரைப் போட்டேன். பெயின்ற் வாளியிலிருந்து தண்ணீர் விரல் தடிப்பில் விழத் தொடங்கியது. என் கை வேலை எப்படி என்று எனக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு நாளில் தெளிந்துவிடும்.

தெளியத் தெளிய எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலில் பச்சை பழுப்பானது. பிறகு தேயிலைத் தண்ணீர் மாதிரி ஆனது. தொட்டியின் நடுச்சுவர் தெரிந்தது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அவள் தைத்த உடுப்புகளைக் கொண்டு காத்தான்குடிக்குப் போன நேரம், நான் அந்த மீனைப் பிடித்தேன். இடது கையில் மீன். வலது கையில் வாளிக்குத் துளை போட்ட ஆணி. ஆம், அதற்குத்தான். ஒரு குத்து. ஒரு கிழமையில் வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிடும். அது என் கைக்குள் கிடந்து துடித்தது. அந்தக் கண்ணைப் பார்த்தேன். ஒரு குற்றமும் செய்யாத கண். இரண்டு வருசத்துக்கு மேலாக என் வீட்டுச் சோற்றைத் தின்று என் பொய்யைக் காப்பாற்றிய மீன். ஆணியை வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, மீனைத் தண்ணீருக்குள் விட்டேன். வாறது வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

பதினோராம் நாள் காலை. அவள் தேத்தண்ணீர் வைக்க முன்பே பின்வளவுக்குப் போனாள். நான் கதவடியில் நின்றேன். தொட்டியின் அடி தெரிந்தது. மகன் எப்போதோ போட்ட ஒரு நீலக் கண்ணாடிக் குண்டு அடியில் கிடந்தது, அதுவும் தெரிந்தது. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இஞ்ச வந்து பாருங்க, கண்ணாடி மாதிரி!" என்று என்னைக் கூப்பிட்டாள். சோற்றைப் போட்டாள். மீன் வந்தது. வலம் வந்து, கவ்வி, மறுபக்கம் திரும்பியது.

அவள் குனிந்தாள். இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். மீன் இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது.

"ரெண்டு கண்ணும் இரிக்கு" என்றாள்.

வாளியிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் கத்துவாள், மண்ணள்ளித் தூற்றுவாள், என் சேட்டைப் பிடித்து உலுக்குவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தொட்டிச் சுவரில் உட்கார்ந்தாள். கையில் ஒட்டியிருந்த பருக்கையை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

"எப்ப செத்தது?"

"டவுனில வெடி கொளுத்தினாங்களே, அந்தக் கிழமை. புதன்கிழமை. விடியச் சாமம் கழிஞ்சு."

"குளோரினா?"

"ஓம்."

"எங்க தாட்ட?"

தேசிமரத்தைக் காட்டினேன். நேற்றுக்கூட அந்த மரத்தில் காய் பிடுங்கி ஊறுகாய் போட்டவள், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழும்பிக் குசினிக்குள் போய், பழைய பஞ்சாங்கங்கள் கட்டி வைத்திருந்த கட்டைத் தூசு தட்டி எடுத்து வந்தாள். அந்த வருசத்தைத் தேடி எடுத்து என் முன்னால் நீட்டினாள். "என்ன திதி எண்டு பாருங்க. எனக்குச் சின்ன எழுத்துத் தெரியுதில்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தலைக்குள் இடி விழுந்தது. "உனக்கென்ன பைத்தியமா?" என்று அறம்புறமாய் ஏசத் தொடங்கிவிட்டேன். "அது மீன்! நான் செய்த பிழையால செத்த மீன்! அது செத்த நாளுக்கும் அவனுக்கும் என்ன? அவன் உயிரோட இருக்கான்! நாளைக்கே வந்து நிப்பான்!" அத்தனை வருசமாக அவள் சொல்லிக்கொண்டிருந்ததை அன்றைக்கு நான் கத்திக்கொண்டிருந்தேன். அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது எவ்வளவு பெரிய பொய் என்று அந்த நேரம்தான் தெரிந்தது.

அவள் நான் கத்தி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"சின்னவளுக்கு ஒரு நாள் இரிக்கு" என்றாள். "மார்கழிப் பறுவம். அண்டைக்கு விளக்கேத்துறன், படைக்கிறன், அழுறன். மறுகா எழும்பி வேலையப் பாக்குறன். இவனுக்கு நாளே இல்ல. நாள் இல்லாததால எல்லா நாளும் அழுறன். எனக்கு ஒரு நாள் வேணும். யாரிட்டப் போய்க் கேக்க? எந்தக் கந்தோரில தருவாங்க?"

நான் பஞ்சாங்கத்தை வாங்கிப் பார்த்துச் சொன்னேன். தேய்பிறை ஏகாதசி.

அதிலிருந்து வருசா வருசம் வைகாசித் தேய்பிறை ஏகாதசியில் படைக்கிறோம். ஐயரைக் கூப்பிடுவதில்லை. சொந்தக்காரருக்குச் சொல்வதில்லை. என்ன கணக்கில் இந்த நாள் என்று கேட்டால் எதைச் சொல்வது? குளோரின் கரண்டியால் நான் குறித்த நாள் என்றா? படத்துக்கு மாலை போடுவதுமில்லை. வாழையிலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, அவனுக்கு விருப்பமான வட்டிலப்பம். ஒரு விளக்கு. அவள் அழுவாள். அவனுக்காக அன்றைக்கு மட்டும்தான் அழுவாள். அது உண்மை. நான் தொட்டியடிக்குப் போய் வாளியைத் திறந்து பஞ்சைப் பிழிந்து கழுவுவேன். அன்றைக்கென்று அந்த வேலையை வைத்துக்கொள்வேன். மூன்று வட்டத்தில் ஒன்று இத்துப்போய்விட்டது. மற்ற இரண்டும் இன்னும் தண்ணீரை வடிக்கின்றன. மீனும் இருக்கிறது, இரண்டு கண்ணோடு, தலை பெருத்து, கிழடு தட்டி.

மார்கழியில் மகளுக்குப் படைத்து முடித்ததும் என் மனைவி இலையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், "கா, கா" என்று காகத்தைக் கூப்பிடுவாள். காகம் வந்து எடுத்தால்தான் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது என்று எங்களுக்கு நம்பிக்கை. எடுக்கும்வரை வெயிலில் நிற்பாள்.

வைகாசியிலும் அதே மாதிரி ஒரு பிடி எடுப்பாள். முற்றத்துப் பக்கம் போக மாட்டாள். கூப்பிடவும் மாட்டாள். மதிலில் காகம் தானாக வந்து குந்தியிருந்தால் கையை வீசித் துரத்துவாள். துரத்திவிட்டுப் பின்வளவுக்குப் போய், அந்தச் சோற்றைத் தொட்டிக்குள் மீனுக்குப் போடுவாள்.